கலோர் (ஆங்கிலச் சொல்)

கலோர் என்பது மிகுதியைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல். ஏராளமாக, நிறைய, வேண்டிய மட்டும் என்று தமிழில் பொருள் கொள்ளலாம். சில அகராதிகள் இதை வினையுரிச்சொல் என்றும், வேறு சில பெயருக்குப் பின்வரும் பெயருரிச்சொல் என்றும் வகைப்படுத்துகின்றன. ஒலிக்கும்போது ‘லோர்’ என்ற அசையில் அழுத்தம் விழும்.

சொற்பிறப்பு

இச்சொல் ஐரிஷ் மொழியின் ‘கோ லோர்’ என்ற தொடரிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ‘லோர்’ என்றால் போதுமானது. ஐரிஷ் மொழியில் இத்தொடர் ‘போதிய அளவு’, ‘நிறைய’ என்ற இரு பொருளிலும் வழங்குகிறது. ஆங்கிலத்தில் ‘நிறைய’ என்பது மட்டுமே நிலைத்தது. போதுமான அளவைச் சுட்டும் சொல் மிகுதியைக் குறிப்பது தமிழிலும் உண்டு. ‘வீட்டில் நெல் வேண்டிய மட்டும் கிடக்கிறது’ என்றால், குறைவின்றி நிறைய இருக்கிறது என்றே பொருள்.

பயன்பாடு

மிகுதியைக் குறிக்கும் பிற ஆங்கிலச் சொற்கள் பல பெயர்ச்சொல்லுக்கு முன் வரும். கலோர் எப்போதும் பின்னரே வரும். ‘ஷாப்ஸ் கலோர்’ என்பது சரி. ‘கலோர் ஷாப்ஸ்’ என்பது பிழை. ‘ஏராளமான கடைகள்’ என்று தமிழில் நினைத்து அப்படியே மொழிபெயர்ப்பதால் இப்பிழை நேர்கிறது.

மற்றொரு பிழை இந்திய ஆங்கிலத்தில் பரவலாகக் காணப்படுகிறது. ‘கடைகள் ஏராளம்’ என்பது தமிழில் முழு வாக்கியம். ‘ஏராளம்’ அதன் பயனிலை. அதைப் பின்பற்றி ‘ஷாப்ஸ் ஆர் கலோர்’ என்று எழுதுவது தவறு. கலோர் பயனிலையாக நிற்காது. ‘தேர் ஆர் ஷாப்ஸ் கலோர்’ என்பதே சரியான வடிவம்.

‘ஷாப்ஸ்’ போன்ற பன்மைப் பெயர்களோடும், ‘மணி’, ‘விஸ்கி’ போன்ற எண்ண இயலாப் பெயர்களோடும் இது சேரும். ‘வெரி’ போன்ற மிகைச் சொற்களை இதன் முன் சேர்ப்பதில்லை.

நடை

கலோர் பேச்சுச் சாயல் கொண்டது. விளம்பரங்களிலும் செய்தித் தலைப்புகளிலும் மிகுதியாக வரும். காம்ப்டன் மெக்கன்சி 1947இல் வெளியிட்ட ‘விஸ்கி கலோர்’ நாவலின் தலைப்பு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. போர்க்காலத் தட்டுப்பாட்டின்போது, ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றின் அருகே விஸ்கி ஏற்றிவந்த கப்பல் தரைதட்டுவதே அதன் கதை. தேர்வுக் கட்டுரை, அலுவலகக் கடிதம் ஆகியவற்றில் இச்சொல்லைத் தவிர்த்து, ‘அபண்டன்ட்லி’, ‘இன் அபண்டன்ஸ்’ போன்றவற்றை இடத்துக்கேற்ப எழுதலாம்.