அரசனைப் பாடாத பாட்டு

சுதந்திர தினமோ குடியரசு தினமோ நெருங்கிவிட்டால், வாலாஜாபாத்தில் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் இளைஞர்களின் கைபேசிகளில் எழுதியவர் பெயரில்லாத ஒரு செய்தி உலாவத் தொடங்குகிறது; ரவீந்திரநாத தாகூர் ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்தியை வரவேற்று இயற்றிய துதியைத்தான் நாம் தேசிய கீதமென்று எழுந்து நின்று பாடுகிறோம் என்பது அதன் சாராம்சம். ஒரகடத்துத் தொழிற்சாலை முற்றத்தில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களும் நம் பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று பாடி, மிட்டாய் வாங்கிக்கொண்டு ஷிப்டுக்குத் திரும்பும்போது, "இது வெள்ளைக்கார ராஜாவுக்குப் பாடினதாமே அண்ணே?" என்று ஒருவன் கேட்பதும், "அப்படித்தான்டா சொல்றாங்க" என்று மூத்தவர் ஒருவர் தலையசைப்பதும் சகஜம். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பட்டத்தையே பெயராகத் தாங்கிய ஊரில், அரசனுக்காகப் பிறந்த பாட்டு என்பது யாருக்கும் அதிசயமாகத் தோன்றாதுதான்.

நடந்தது வேறு. 1911 டிசம்பர் 12-ந் தேதி டில்லி தர்பாரில், 1905-ல் கர்ஸன் பிரபு செய்த வங்காளப் பிரிவினையை ரத்துச் செய்வதாகச் சக்கரவர்த்தி அறிவித்தார். ஆறு வருஷம் போராடிய வங்காளத் தலைவர்கள் நன்றியுணர்ச்சி மேலிட்டிருந்த அந்த மாதக் கடைசியில் கல்கத்தாவில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. இரண்டாம் நாளான 27-ந் தேதி 'ஜன கண மன' முதன்முதலாகப் பாடப்பெற்றது. அடுத்துச் சக்கரவர்த்திக்கு நல்வரவு கூறும் தீர்மானம் நிறைவேறியது. அதன் பிறகு ராம்புஜ் சௌதரி இயற்றிய ஹிந்தி வாழ்த்துப் பாட்டு ஒலித்தது. வங்காளியும் ஹிந்தியும் அறியாத ஆங்கிலேயப் பத்திரிகைகள் இரண்டு பாட்டையும் ஒன்றாகக் குழப்பி, தாகூர் சக்கரவர்த்தியை வரவேற்றுப் பாடினாரென்று மறுநாளே எழுதிவிட்டன. சுதேசிப் பத்திரிகைகளோ கடவுள் துதி ஒன்று, அரசர் வாழ்த்து மற்றொன்று என்று சரியாகவே பிரித்து எழுதின. ஆனால் தவறான செய்திக்கே ஆயுள் கெட்டியாக இருந்தது.

முழுப் பொய்யென்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. வதந்திக்குள் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. அரசாங்கத்தில் செல்வாக்குடைய நண்பர் ஒருவர் சக்கரவர்த்தியைப் புகழ்ந்து ஒரு பாட்டு எழுதித் தரும்படி தம்மைக் கேட்டதையும், அதனால் திகைப்பும் மனக்கொதிப்பும் அடைந்து, யுகயுகமாகத் தேரைச் செலுத்திவரும் பாரத பாக்கிய விதாதாவைத் தாம் பாடியதையும், அந்த விதாதா ஐந்தாம் ஜார்ஜாகவோ வேறெந்த ஜார்ஜாகவோ இருக்க முடியாதென்பது கேட்ட நண்பருக்கே விளங்கிவிட்டதையும், 1937 நவம்பரில் புலின் பிகாரி சென்னுக்கு எழுதிய கடிதத்தில் தாகூரே விவரித்திருக்கிறார். பாட்டைக் கேட்டது அரச விசுவாசம். கிடைத்ததோ கடவுளைத் துதிக்கும் பிரம்ம சங்கீதம்.

இந்த வகை மறுப்பு நமக்குப் பழக்கமானதே. பக்கத்துக் காஞ்சிபுரத்தில், பல்லவ மன்னன் தன்னைப் பாடும்படி கணிகண்ணனுக்கு ஆணையிட, மானிடரைப் பாடமாட்டேனென்று அவர் மறுத்து, அந்தக் குற்றத்துக்காக நாடு கடத்தப்பட்டதாகக் கதை. சீடன் போவதைக் கண்ட திருமழிசையாழ்வார், "அவன் போகிறான், நானும் போகிறேன், நீயும் உன் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொள்" என்று திருவெஃகாப் பெருமாளிடம் சொல்ல, பெருமாளும் அப்படியே எழுந்து பின்தொடர்ந்தாராம். மூவரும் அன்றிரவைக் கழித்த இடமென்று பாலாற்றங்கரை ஓரிருக்கையைக் காட்டுகிறார்கள். இருண்டுபோன ஊரைக் கண்டு மன்னன் காலில் விழ, அவர்கள் திரும்பினார்கள். பெருமாளுக்குச் சொன்னவண்ணம் செய்தவர் என்ற பெயர் நிலைத்தது. இதைக் கேட்டு வளர்ந்த நம்மவருக்கு தாகூரின் சினம் புரியாமற்போக நியாயமில்லை. ஆனால் கணிகண்ணன் மறுத்தது ராஜசபையில், தாகூர் மறுத்ததோ பாட்டுக்குள்ளேயே. ஆகையால்தான் சந்தேகிக்க இடம் ஏற்பட்டது.

சந்தேகிப்பவர்கள் வேறு சாட்சியங்களும் சொல்லுவதுண்டு. 1915-ல் அவர் 'சர்' பட்டத்தை ஏற்றுக்கொண்டார். பாட்டின் கடைசிச் சரணத்தில் அரசர்க்கரசனே என்ற விளியும் வருகிறது. ஆனால் அந்தப் பட்டத்தை ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின் 1919 மே மாதத்தில் துறந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், அப்போது சென்னை மாகாணத்திலிருந்த மதனப்பள்ளியில், கஸின்ஸ் என்ற தம்பதியர் இருந்த கல்லூரியில் தங்கி இதே பாட்டைத் தாமே பாடி ஆங்கிலத்திலும் பெயர்த்துத் தந்தார். மெட்டுக்கு ஸ்வரக் குறிப்பு எழுதியவர் மார்கரெட் கஸின்ஸ் அம்மையார். அரசர்க்கரசன் என்ற விளிக்கு விடை பாட்டிலேயே இருக்கிறது. அதே தலைவனை மூன்றாம் சரணம் யுகங்களின் சாரதி என்கிறது. நான்காம் சரணம் துயருற்ற தேசத்தை மடியில் வைத்துக் காத்த தாயே என்று அழைக்கிறது. ஐந்தாம் ஜார்ஜைத் தாயென்று அழைக்க எந்த விசுவாசிக்கும் துணிவு வந்திருக்காது. ஆனால் 1950 ஜனவரி 24-ந் தேதி அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்டது ஐந்து சரணங்களில் முதலாவதை மட்டுமே; சுமார் 52 வினாடிகளில் அது முடிந்துவிடுவதால், மற்ற நான்கையும் பள்ளிப் பிள்ளைகளோ தொழிலாளர்களோ கேட்க வாய்ப்பதில்லை.