பழந்தகரத்திற் கைவினை



நம்முடைய வீடுகளில் ஒரு பொருள் தீர்ந்தபின், அதனை அடைத்துவந்த பேணிக்கு மூன்று கதிகளுள் ஒன்று வாய்க்கின்றது. அது வேலியோரத்துக் குப்பையிற் போய்ச் சேரலாம். பழைய இரும்பு வாங்குவோரிடம் நிறைக்கு விலைபோகலாம். அன்றேல் யாரோ ஒருவருடைய கைபட்டு வேறொரு பொருளாக மாறலாம். இம்மூன்றாவது கதியைப்பற்றியே, அதாவது தகரப் பேணிகளையும் அலுமினியப் பேணிகளையும் கொண்டு செய்யக்கூடிய கைவினையைப்பற்றியே, இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

இது நமக்கு முற்றிலும் புதிய செய்தியன்று. வெறுமையான பாற்பேணி அரிசி அளக்கும் சுண்டாக மாறியது நம் நாட்டு அடுக்களைகளில் நெடுநாளைய வழக்கம். பிட்டுக்குக் குழைத்த மாவைக் கொத்துவதற்குப் பேணியின் விளிம்பே கருவியாயிற்று. நான்கு கலன் மண்ணெண்ணெய்த் தகரம், மேலே ஒரு குறுக்குத்தடி பொருத்தப்பெற்றுத் தண்ணீர் சுமக்கும் வாளியாயிற்று. ஆயினும் பழக்கம் வேறு, கைவினை வேறு. பேணியை உள்ளவாறே எடுத்தாள்வது பழக்கம். அதன் உலோகத்தின் இயல்பை அறிந்து, வெட்டியும் மடித்தும் துளைத்தும் புதுவடிவம் கொடுப்பதே கைவினை. ஆகவே, முதலில் அந்த உலோகத்தின் இயல்பை நோக்குவோம்.

தகரம் என்று நாம் வழங்குவது தனியொரு உலோகமன்று. மெல்லிய உருக்குத் தகட்டின் இருபுறமும் வெள்ளீயம் பூசப்பெற்றதே தகரம். அப்பூச்சின் தடிப்பு, ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறிட்டால் அவற்றுள் ஒரு கூறளவே. பல பேணிகளில் அதனினும் குறைவு. இத்தகைய தகரத்திலே உணவை அடைத்துக் காக்கும் முறைக்கு இங்கிலாந்திற் காப்புரிமை பெற்றவர் பீற்றர் டூரண்ட் என்பார்; அது நிகழ்ந்தது 1810 ஆம் ஆண்டில். மூன்று ஆண்டுகளின் பின், 1813 இல், பிறயன் டொங்கினும் ஜோன் ஹோலும் இலண்டனைச் சேர்ந்த பேர்மண்ட்சியிலே பேணி உணவுத் தொழிற்சாலையை நடத்தத் தொடங்கினர். அக்காலத்துப் பேணிகள் கனமானவை. உளியும் சுத்தியலும் கொண்டே அவற்றைத் திறக்கவேண்டியிருந்தது. அமெரிக்கரான எஸ்ரா வார்னர் தாம் அமைத்த பேணி திறக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றது 1858 இலேதான். பேணி தோன்றி ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றபின்னரே அதனை இலகுவாகத் திறக்கும் வழி பரவியது என்பது வியப்புக்குரியதன்றோ!

அலுமினியத்தின் வரலாறு வேறு. மண்ணிலே மிகுதியாகக் கலந்திருப்பினும், அதனைப் பிரித்தெடுப்பது அருமையாக இருந்தமையால், ஒருகாலத்தில் அது வெள்ளியோடு ஒப்பிடத்தக்க விலையுடையதாய் இருந்தது. 1884 ஆம் ஆண்டில் வாசிங்ரன் நினைவுத்தூணின் உச்சியிலே வைக்கப்பெற்ற முடி, அலுமினியத்தால் ஆயது. இரண்டு ஆண்டுகளின் பின், 1886 இல், அமெரிக்காவில் சாள்ஸ் ஹோலும் பிரான்சில் போல் ஏறூவும் தனித்தனியே மின்சாரத்தின் துணைகொண்டு அலுமினியத்தைப் பிரிக்கும் முறையைக் கண்டனர், விலையும் வீழ்ந்தது. பானங்களை அடைக்கும் அலுமினியப் பேணி சந்தைக்கு வந்தது 1950 களின் இறுதியில் ஆகும். இன்றைய குளிர்பானப் பேணியின் சுவர், ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு தடிப்பே உடையது. முழுப் பேணியின் நிறையும் 15 கிராமளவைத் தாண்டுவது அரிது.

இவ்விரண்டையும் இனங்காண்பது எவ்வாறு? ஒரு காந்தத்தை அருகே கொண்டுசெல்லுங்கள். ஒட்டிக்கொண்டால் தகரம், ஒட்டாவிடின் அலுமினியம். இந்தச் சிறு சோதனையே பின்வரும் வேலை அனைத்தையும் தீர்மானிக்கின்றது. தகரம் விறைப்பானது, அதனை வெட்டத் தகரம் வெட்டும் கத்தரி வேண்டும். அலுமினியப் பேணியைச் சாதாரணக் கத்தரிக்கோலே வெட்டிவிடும். தகரத்தைப் பற்றாசிட்டு இணைக்கலாம். அலுமினியத்தின் மேலே காற்றுப்பட்டவுடன் படியும் மெல்லிய படலம் பற்றாசை ஏற்காது. அலுமினியம் துருப்பிடிப்பதில்லை. தகரமோ, வெள்ளீயப் பூச்சுச் சுரண்டப்பட்ட இடத்திலும் வெட்டுண்ட விளிம்பிலும் துருவேறத் தொடங்கும். நாகம் பூசிய கூரைத்தகட்டில் நாகம் தான் அரிந்து இரும்பைக் காக்கின்றது. வெள்ளீயம் அவ்வாறு காப்பதில்லை. அது வெறும் போர்வையே. போர்வை கிழிந்த இடத்தில் இரும்பு தன் பாட்டுக்குத் துருவேறும். ஆதலால் தகரத்திற் செய்த பொருளின் வெட்டுவாய்களுக்கு வண்ணமோ மெருகெண்ணெயோ பூசுதல் இன்றியமையாதது.

இவ்வியல்புகளை அறிந்து, பிறர் எறிந்த பேணியிலிருந்து பெருங்கலையொன்றை வளர்த்த மக்கள் உளர். இன்றைய ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்திலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலோகத் தகடு கிடைத்தற்கரிய பொருளாக இருந்தது. 1821 இல் சந்தா பே வணிகப்பாதை திறந்தது; 1846 இல் அமெரிக்கப் படை அந்நகருட் புகுந்தது. அவற்றின் பின்னர் எண்ணெயும் பன்றிக்கொழுப்பும் பிறவும் அடைத்த தகரங்கள் வண்டி வண்டியாக வந்து குவிந்தன. அங்கு வாழ்ந்த ஸ்பானிய மொழி பேசும் கைவினைஞர் அவ்வெற்றுத் தகரங்களைப் பிரித்து, தட்டி நிமிர்த்தி, அச்சாணியாற் குறியிட்டு, புனிதர் படங்களுக்குச் சட்டங்களும் சுவரிலே மாட்டும் மெழுகுதிரித் தாங்கிகளும் செய்தனர். வெள்ளி வாங்க வழியற்ற சிற்றூர்க் கோயில்களிலே தகரம் வெள்ளிபோல் ஒளிர்ந்தது. இன்று நூதனசாலைகளில் உள்ள அச்சட்டங்கள் சிலவற்றில், பழைய வணிகக் குறியின் எழுத்துக்களை இன்னமும் காணலாம்.

யப்பானின் கதையோ போரின் சாம்பலிலிருந்து எழுந்தது. 1945 ஆம் ஆண்டில் அந்நாடு சரணடைந்தபோது ஆலைகளுக்கு உலோகம் இல்லை; சிறுவர்க்கு விளையாட்டுப் பொருளும் இல்லை. கொசுகே மட்சுசோ என்னும் பொம்மைத் தொழிலாளர் ஒட்சு நகரிலே, அமெரிக்கப் படையினர் எறிந்த வெற்றுப் பேணிகளைப் பொறுக்கியெடுத்துத் தகடாக்கி, வீதியெங்கும் ஓடிய அவர்களுடைய யீப் வண்டியின் உருவிலேயே ஒரு சிறு பொம்மையைச் செய்தார். அவ்வாண்டின் இறுதியில் கியோத்தோவிலே விற்பனைக்கு வந்த அப்பொம்மையை மக்கள் விரும்பி வாங்கினர். பின்னர் உலகெங்கும் புகழ்பெற்ற யப்பானியத் தகர விளையாட்டுப் பொருள்களின் போருக்குப் பிந்திய வரலாறு இவ்வாறே தொடங்கியது. தகர பொம்மைகளை ஒட்டுவதில்லை; ஒரு தகட்டில் விட்ட சிறு நாவை மற்றத் தகட்டின் பிளவிலே செருகி மடித்துவிடுவர். இந்த மடிப்பு முறை நாமும் கைக்கொள்ளத்தக்கது.

இனி, வேலைக்கு வருவோம். பேணியை வெந்நீரிற் கழுவி உலரவிட்டு, தடித்த கையுறை அணிந்து, மேலும் கீழும் உள்ள மூடிகளை நீக்குக. பக்கத்தை நெடுக வெட்டித் தகட்டை விரித்து, ஒரு பலகையின்மேல் மரக் கொட்டாப்புளியால் தட்டி நிமிர்த்துக. இதன்பின் எவர்க்கும் ஆசையுண்டாவது உடனே உருவம் வெட்டுதற்கே. அவ்வாசையைச் சிறிது அடக்குதல் வேண்டும். வெட்டிய தகரத்தின் விளிம்பு கத்தியாகும். கால் அங்குல அகலத்துக்கு விளிம்பை மடித்து, குறட்டால் அழுத்தி, கொட்டாப்புளியால் தட்டிப் படியவைத்தல் வேண்டும். தேர்ந்த தகரவேலைக்காரர் அம்மடிப்பினுள்ளே ஒரு கம்பியையும் வைத்து மூடுவர். வாளியின் வாய் உருண்டிருப்பது இதனாலேதான். விளிம்பு மடிப்பினால் வரும் பயன் இரண்டு. கை தப்புகின்றது, தகடும் பலம்பெறுகின்றது. ஒரு கடதாசித் துண்டைக் கையிற் பிடித்தால் தொங்கும். அதன் ஓரத்தை மடித்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும் அல்லவா? தகட்டின் செய்கையும் அதுவே. ஒரு பொருளின் விளிம்பைத் தடவிப் பார்த்தே அதனைச் செய்தவர் கைவினைஞரா அல்லரா என்று கூறிவிடலாம்.

முதன்முறை செய்வோர்க்கு ஏற்றது துளையிட்ட கூண்டு விளக்கு. மேல்மூடி நீக்கிய பேணியிலே, வாயிலிருந்து ஒரு விரலளவு குறைய நீர் நிரப்பிக் குளிரூட்டியில் உறையவைக்க வேண்டும். உள்ளே பனிக்கட்டி தாங்கி நிற்பதனால், ஆணியால் அடிக்கும்போது பேணி நெளியாது. குளிரூட்டி இல்லாதோர் பேணிக்குள் அடங்கும் மரக்குற்றியொன்றைச் செருகலாம். நமது பெண்டிர் முற்றத்தில் இடும் புள்ளிக்கோலமே இதற்கு வாய்ப்பான மாதிரி. கோலத்தைக் கடதாசியில் வரைந்து பேணியைச் சுற்றி ஒட்டி, புள்ளிதோறும் ஆணியை வைத்து ஒருமுறை தட்டினாற் போதும். பின்னர்ப் பனிக்கட்டி உருகியதும் துடைத்து உலர்த்தி, அடியில் மணலிட்டு மெழுகுதிரியை வைத்தால், சுவரெங்கும் ஒளிக்கோலம் விரியும்.

அலுமினியத் தகடு இதற்கு மாறானது. அதனை அடித்தல் வேண்டா, அழுத்தினாற் போதும். ஒரு பேணியை விரித்தால், ஏறக்குறைய எட்டு அங்குல நீளமும் மூன்றரை அங்குல அகலமும் உடைய தகடு கிடைக்கும். அதனை மடித்த செய்தித்தாளின்மேல் வைத்து, மை தீர்ந்த பேனாவின் முனையால் வரைந்தால், மறுபுறத்தில் அவ்வுருவம் புடைத்தெழும். நூற்குறி, படச்சட்டம், செடிகளின் பெயர்ப்பலகை முதலியன பாடசாலைச் சிறுவரும் ஆசிரியரின் மேற்பார்வையிற் செய்யத்தக்கவை.

செய்யத்தக்கவற்றைக் கூறினோம், தகாதனவற்றையும் கூறுதல் கடன். பூச்சிமருந்தோ வண்ணமோ அடைத்த தகரத்தை எடுத்தல் ஆகாது. அமுக்கி அடைத்த தெளிப்புப் பேணியை வெட்டுதலும் துளைத்தலும் உயிருக்கு ஆபத்து. அலுமினியப் பேணியின் உட்புறத்திலே கண்ணுக்குத் தெரியாத பிசின் பூச்சு உண்டு. ஆகவே அடுப்பில் வைத்துச் சமைப்பதற்கு அது உதவாது. மிகப் பழைய பேணிகளின் பக்கமூட்டு ஈயம் கலந்த பற்றாசினால் இணைக்கப்பட்டிருத்தலின், அவற்றையும் உணவுக்கு விலக்குக. துருவேறிய தகரம் கையைக் கிழித்தால், காயத்தைக் கழுவியதோடு நில்லாது, ஏற்புவலித் தடுப்பூசிபற்றி வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும்.

இவற்றினும் முக்கியமானது ஒன்று உளது. எறிந்த போத்தலிலும் பேணியிலும் திரியிட்டு மண்ணெண்ணெய் விளக்குச் செய்யும் வழக்கம் இந்நாட்டில் எத்தனையோ குடும்பங்களைத் தீக்கு இரையாக்கியது. உயரமும் ஒடுக்கமுமான அவ்விளக்கு, கைபட்டதும் சரியும். தளர்ந்த மூடி கழன்று எண்ணெய் சிந்தும். தீக்காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்த சத்திரசிகிச்சை வைத்தியர் விஜய கொடகும்புர இதனைக் கண்டு, குட்டையும் கனமும் உடையதாய், உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையாய், திருகுமூடி கொண்டதாய் ஒரு கண்ணாடி விளக்கை வகுத்து, 1990 களிலே ஊரெங்கும் பரப்பினார். அப்பணிக்காக 1998 இல் அவருக்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது. எனவே பேணியில் மெழுகுதிரிக் கூண்டு செய்யுங்கள். மண்ணெண்ணெய் விளக்கு மட்டும் செய்யாதீர்கள்.

இனி, செய்யாது எறிந்துவிட்ட பேணியின் நிலை யாது? மழைநீர் தேங்கிய ஒரு பாற்பேணி, டெங்கு நுளம்புக்கு மாளிகை. முட்டை நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரமோ பத்து நாட்களோ போதும். நீர் வற்றினாலும் முட்டைகள் பல மாதங்கள் உயிர்தாங்கிக் கிடக்கும். 2017 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 180,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகக் கணக்கிடப்பட்டனர். ஆதலால் பேணியிலே கறிவேப்பிலைக் கன்று நடுவோரும் முதலில் அதன் அடியில் நான்கைந்து துளையிடுதல் வேண்டும். கீழே நீர்த்தட்டு வைத்தலும் ஆகாது.

எல்லாப் பேணிகளையும் வீட்டிலே வைத்து அலங்கரிக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. பழைய அலுமினியத்தை உருக்கி மீட்பதற்கு, புதிதாகப் பிரித்தெடுக்கச் செலவாகும் சக்தியில் ஏறக்குறைய 5 சதவீதமே வேண்டும். ஆகையால் நாம் செய்யும் பொருள் நெடுநாள் பயன்படுவதாயின் செய்வோம். அன்றேல் பேணியை நசுக்கி, பழைய உலோகம் வாங்குவோரிடம் சேர்ப்போம். செய்யும்போதும் பசையிட்டுப் பலவற்றை ஒட்டாது, மடித்தும் செருகியும் இணைப்போமாயின், பயன் தீர்ந்தபின் அதுவும் உலைக்குச் சென்று மீண்டும் உலோகமாகும்.

இந்த விடுமுறையில் உங்கள் பிள்ளைகளின் கையில் ஒரு காந்தத்தைக் கொடுத்து, வீட்டிலுள்ள பேணிகளை இருவகையாகப் பிரிக்கச் சொல்லுங்கள். அதன்பின் ஒரேயொரு பேணியை எடுத்து, அதன் விளிம்பைச் செவ்வனே மடிக்கக் கற்றுக்கொடுங்கள். மற்றவை தாமே கைவரும்.