ஊசி பிடிக்கும் கைக்கும் படிப்பு வேண்டும்

ரயில் என்ஜின் டிரைவர் எத்தனை வருட அனுபவசாலியாக இருந்தாலும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சிப் பள்ளிக்குப் போய் மறுபடியும் பாடம் கேட்டாக வேண்டும். வேறு தொழில்களிலும் இந்த வழக்கம் வேண்டும் என்பதை எனக்கு உணர்த்தியவள் என் தங்கை மகள். கல்யாணத்துக்கு முன்பு முகத்து முடியை அகற்ற, இங்கே திருவனந்தபுரத்தில் ஓர் அழகு நிலையத்துக்குப் போனாள். முடி போயிற்று, தாடையில் புள்ளி புள்ளியாக வடு நின்றுவிட்டது.

அந்தச் சிகிச்சையின் பெயர் எலெக்ட்ராலிசிஸ். கண்ணுக்குள் வளைந்து குத்தும் இமை முடிகளை அகற்ற, 1875-ல் அமெரிக்கக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல் கையாண்ட முறை இது. மெல்லிய ஊசியை வேர்வரை செலுத்தி நேர் மின்சாரம் பாய்ச்சினால், அங்குள்ள உப்புநீரிலிருந்து காரம் உண்டாகி வேரை அழிக்கும். மின்சாரம் மிஞ்சினால் தோலும் வெந்துபோகும். ஊசி சுத்தமில்லாவிட்டால் ஹெபடைடிஸ் பி போன்ற நோய்கள் தொற்றலாம்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இத்தொழிலுக்குத் தனி உரிமம் உண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 20 மணி நேரம் படித்தால்தான் அதைப் புதுப்பிக்க முடியும். நம் நாட்டில் அப்படித் தனி உரிமம் இல்லை. ஆனால் டாக்டர்கள் ஐந்து ஆண்டில் 30 மணி நேரமாவது தொடர்கல்வி பெற வேண்டும் என்று 2002-ம் ஆண்டு விதிமுறை சொல்கிறது.

ஆகவே, பதிவு பெற்ற தோல் மருத்துவரிடமே போங்கள். ஊசி புதியதா, இதில் கடைசியாக எப்போது பயிற்சி பெற்றீர்கள் என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். நாங்கள் அன்று கேட்கவில்லை.