சுவரை இடிக்காமல் சரக்கை இறக்குவது

முதுமையில் விழித்திரைக்கு அடியில் நீர் கசிந்து பார்வை மங்கும்போது, கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். நம் சங்க அன்பர்களில் சிலர் போட்டுக்கொண்டிருக்கக் கூடும். நானும் அந்த வரிசையில் உட்கார்ந்தவன்தான். விலையைக் கேட்டுப் பாதியிலேயே நிறுத்தியவர்களையும் அங்கே பார்த்தேன். ஏன் இந்த விலை என்று படிக்கப் புகுந்தேன்.

அம்மருந்துகளில் ஒன்று ரானிபிசுமாப். ஆன்டிபாடி எனும் எதிர்ப்புப் புரதம் கவட்டைக் குச்சி போலிருக்கும். இது அதன் ஒரு கிளை மட்டும். எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஈ.கோலி என்ற பாக்டீரியாவுக்குள் உரிய மரபணுவை வைத்து இதை விளைவிக்கிறார்கள். இத்தகைய துண்டுகளைச் செயல்படும் நிலையில் பாக்டீரியாவிலேயே பெறலாம் என்று 1988-இல் தெரியவந்தது.

விளைவிப்பதை விட வெளியே எடுப்பதுதான் சுவாரசியம். ஈ.கோலிக்கு இரண்டு சுவர், நடுவே ஒரு சந்து. புரதத்தைத் தைத்து நிறுத்தும் கந்தகப் பிணைப்புகள் உள்ளறையில் சரியாக அமைவதில்லை, சந்தில் அமைகின்றன. ஆகவே புரதத்தைச் சந்துக்கு அனுப்பும்படி மரபணுவிலேயே ஏற்பாடு உண்டு. சரக்கு கூட்ஸ் ஷெட் வாசலுக்கு வந்துவிட்டது; ஷெட்டை இடிப்பானேன்? செல்லை முழுக்க நசுக்கினால் ஆயிரக்கணக்கான வேறு புரதங்களும் சேர்ந்து வரும். டி.என்.ஏ. வேறு கசிந்து, கரைசல் கஞ்சியாகக் கெட்டிப்படும்.

1965-இல் நியூ, ஹெப்பல் என்ற இருவர் வெளியிட்ட முறை எளிது. கெட்டியான சர்க்கரைக் கரைசலில் செல்களைப் போட்டால், உப்பிலிட்ட மாங்காய்த் துண்டு போல் சுருங்கும். கூடவே சேர்க்கும் ஈ.டி.டி.ஏ., வெளிச்சுவரைக் கட்டிப் பிடித்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தைப் பறித்துக்கொள்ளும். பிறகு சட்டென்று குளிர்ந்த நீர். செல் உப்ப, சந்திலுள்ளது வெளியேறும்.

அளவுதான் இதில் எல்லாம். ஈ.டி.டி.ஏ. குறைந்தால் சரக்கு வராது. நேரம் நீண்டால் உள்சுவரும் விட்டுவிடும். ஆய்வுக்கூடத்துக் குடுவையில் சரியாக நடந்தது பெருந்தொட்டியில் நடப்பதில்லை. அத்தனை குளிர்நீருக்கும் இடம் வேண்டும், செல்களைப் பிரித்தெடுக்கப் பெரிய சுழல் இயந்திரமும் வேண்டும். இதனால் சிலர் கரைசலைச் சூடாக்கி எடுக்கிறார்கள். இந்தத் துண்டு வெப்பம் தாங்கும். அரைகுறையாக மடிந்தவை படிந்துவிடும். எனக்கு இந்த வழிதான் பிடித்தது.

2015-இல் இந்திய நிறுவனம் ஒன்று தானே தயாரித்து அசலைவிட மலிவாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் மெதுவாக எடுத்தாலும் வெளிச்சுவரின் நச்சுப் பொருள் கூடவே வரும். கண்ணுக்குள் போவதால் அதையும் களைந்து, சோதித்த பிறகே குப்பியில் அடைக்க முடியும். ஒவ்வொரு சுத்திகரிப்பிலும் கொஞ்சம் மருந்து போய்விடுகிறது.