உங்களுக்குத் தெரியுமா? நாவலில் நிறுவனப் பெயரைச் சொல்லலாம், பாட்டு வரியைச் சேர்க்கலாமா?

கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் 1999இல் திறந்த 'மெக்கரி' என்ற இந்திய உணவகத்தின் மீது மெக்டொனால்ட்ஸ் வழக்குப் போட்டது. 'மெக்' என்ற முன்னொட்டு தனக்கே உரியது என்பது அதன் வாதம். 2006இல் உயர்நீதிமன்றம் அதை ஏற்றது. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப்போட்டது. செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றமும் மெக்டொனால்ட்ஸின் மனுவைத் தள்ளிவிட்டது. மீன்தலைக் கறியும் ரொட்டி சானாயும் விற்கும் கடைக்குள் பர்கர் தேடி யார்தான் நுழைவார்கள்!

கடைப் பலகைக்கே இப்படி என்றால், உங்கள் நாவலின் நாயகன் பிரிக்பீல்ட்ஸில் மைலோ குடிப்பதில் வம்பில்லை. அந்தப் பெயரைப் போட்டுச் சரக்கு விற்பதைத்தான் வணிகச்சின்னச் சட்டம் தடுக்கிறது. பாட்டின் தலைப்பையும் சொல்லலாம்.

வரிகள்தான் சிக்கல். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் மறைந்து 50 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும், இந்தியாவில் 60. 1981இல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு இங்கே 2031 முடியும்வரை காப்பு உண்டு. 1921இல் மறைந்த பாரதியாரின் பாடல்களுக்கு அந்தத் தடை இல்லை. கிள்ளானில் அச்சாகும் உங்கள் புத்தகத்தில் தாராளமாகச் சேர்க்கலாம். மற்றவற்றுக்கு, அச்சகத்துக்குப் போகும் முன்பே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.