கத்தரிக்குத் தப்பிய கார்டு

நம் பாட்டியாரின் தகரப் பெட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட தபால் கார்டுகள் இருந்தன. இரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதி வந்த பாட்டனார், 1930-களில் இராமநாதபுரச் சீமையிலிருந்த நம் சிற்றூருக்கு விடுத்தவை அவை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை இருக்கும். திண்ணையில் தொங்கிய கடிதக் கம்பியில் சில காலம் இருந்துவிட்டுப் பெட்டிக்குச் சென்றதன் அடையாளம் அது. 1942-ஆம் ஆண்டில் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சிப் பர்மாவைவிட்டுக் கால்நடையாகப் புறப்பட்ட பெருங் கூட்டத்தோடு பாட்டனாரும் புறப்பட்டார். ஊர் வந்து சேரவில்லை.

1958-இல் பத்து வயதுச் சிறுவராயிருந்த நாம் அந்தக் கார்டுகளைக் கண்டெடுத்தோம். பள்ளித் தோழன் ஒருவனிடம் தபால் தலை ஆல்பம் இருந்தது, நம்மிடம் இல்லை. கத்தரிக்கோலை எடுத்து, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலைகளை ஒவ்வொன்றாகச் சதுரம் சதுரமாக வெட்டி, சோற்றுப் பசையால் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டினோம். பாட்டியார் மாலையில் வந்து பார்த்தார்கள். வெட்டுண்ட கார்டுகளைப் பொறுக்கி அடுக்கிப் பெட்டியில் வைத்தார்களே தவிர, ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடித்திருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தபால் கார்டில் தலை ஒட்டப்படுவதில்லை; அட்டையிலேயே அச்சிடப்படுகிறது. முகப்பில் வலப்புற மேல்மூலையை வெட்டினால், மறுபுறம் கடிதத்தின் தொடக்கம் போய்விடும். நம் மக்கள் 'சேசு மரி சூசை' என்று எழுதி, யாருக்கு எழுதுகிறோமோ அவரை அன்போடு விளிக்கும் இடமல்லவா அது! பாட்டனார் பாட்டியாரை எவ்வாறு விளித்தார் என்பது அத்தனை கார்டுகளிலும் நம் கையாலேயே அழிந்தது.

எளிய மக்களைக் கடிதம் எழுத வைத்த பெருமை இந்த அட்டைக்கு உண்டு. உலகின் முதல் ஒட்டுத் தபால் தலை, இங்கிலாந்தின் 'கறுப்புப் பென்னி', 1840 மே 6 முதல் செல்லுபடியாயிற்று. ஆசியாவின் முதல் ஒட்டுத் தலைகள் 1852-இல் சிந்து மாநிலத்தில் வெளியாயின. தபால் கார்டைப் பிறப்பித்தது ஆஸ்திரியா-ஹங்கேரி, 1869-இல். பத்தாண்டுகளுக்குப்பின், 1879 ஜூலை 1-இல், காலணா விலையில் அது இந்தியாவுக்கு வந்தது. உறை வேண்டாம், தனித் தலை வேண்டாம். எழுதத் தெரியாதவருக்கு உபதேசியார் எழுதிக் கொடுப்பார். வாசிக்கத் தெரியாத நம் பாட்டியாருக்கு வாசித்துக் காட்டியவரும் அவரே. ஊருக்கெல்லாம் தெரியும்படி எழுதுவதா என்று முகஞ்சுளித்தவர்களும் இருந்தார்கள். ஆயினும் நம் முன்னோரின் கையெழுத்து எஞ்சியிருக்கும் வீடுகளில் பெரும்பாலும் அது கார்டில்தான் எஞ்சியிருக்கிறது.

தபால் முத்திரையையும் வாசகர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். பர்மா 1937 ஏப்ரல் 1 வரை இந்தியாவோடு இணைந்திருந்தது. இரங்கூனிலும் இந்தியத் தலைகளே வழங்கின. பிரிந்தவுடன் அதே தலைகளின்மேல் 'பர்மா' என்று அச்சிட்டு விற்றார்கள். ஒரு குடும்பத்தின் கடிதங்களை நாள்வாரியாக அடுக்கினால், ஒரு நாடு இரண்டாவதைக் கையில் பிடித்துப் பார்க்கலாம். முத்திரையின்றி வெட்டியெடுத்த தலையில் இது தெரியாது. 1964 டிசம்பர் 2-இல், திருத்தந்தை ஆறாம் பவுல் நற்கருணை மாநாட்டுக்காகப் பம்பாய் வந்திறங்கிய அதே நாளில், புனித தோமையார் தபால் தலை வெளியாயிற்று. அத்தலை தனியாகப் பலரிடம் உண்டு. அந்த வாரத்துப் பம்பாய் முத்திரையோடு, முகவரியோடு, உறை கிழியாமல் வைத்திருப்பவரைக் கண்டால் நமக்குப் பொறாமையாகவே இருக்கும்.

ஆகவே, உங்கள் பிள்ளைகள் சேகரிக்க விரும்பினால் தடுக்காதீர்கள்; பழைய கார்டும் கடித உறையும் முழுமையாக இருக்கட்டும் என்று மட்டும் கட்டளையிடுங்கள். இக்காலத்து உறைகளிலிருந்து தலையை எடுப்பதானால், சுற்றியுள்ள காகிதத்தோடு வெட்டித் தண்ணீரில் ஊறவைத்தால் தானே கழன்று வரும். மையொற்றுத் தாளில் கவிழ்த்து உலர்த்தலாம். தண்ணீர் பட்டும் கழலாத பசைத் தலைகள் இப்போது வருகின்றன. அவற்றைக் காகிதத்தோடேயே விட்டுவிடுவது நல்லது. சோற்றுப் பசை, மைதாப் பசை, பிசின் நாடா இவற்றில் எதுவும் அண்டக்கூடாது. நம் நோட்டுப் புத்தகத்தை மூன்றே ஆண்டுகளில் இராமபாணப் பூச்சி தின்று தீர்த்தது; மன்னர் தலைகளும் போயின. கார்டுகளை ஈரமில்லாத இடத்தில் காகித உறைகளில் வையுங்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர்காரரிடம் பெட்டியோடு தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். எழுதியவர் யார், பெற்றவர் யார் என்று வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, தனித் தாளில் குறித்து உடன் வையுங்கள். நாம் கேட்கத் துணிந்தபோது பாட்டியார் இல்லை.

அந்தப் பெட்டியில் ஒரே ஒரு கார்டு மட்டும் முழுமையாக இருக்கிறது. முத்திரை மை மன்னரின் முகத்தில் அப்பிக் கிடந்ததால், அழகில்லை என்று அன்று நாம் ஒதுக்கிய கார்டு அது. மேலே 'சேசு மரி சூசை' என்றிருக்கிறது. அடுத்த வரியில், 'என் பிள்ளைகளின் தாயாருக்கு' என்று தொடங்கி, கூரைக்கு ஓலை மாற்றியாயிற்றா, சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று பாட்டனார் கேட்டிருக்கிறார்.