ஆளும் வேலையும்

“எள் என்றால் எண்ணெயாய் நிற்பான்” என்று சுறுசுறுப்பான ஒருவனைப் புகழ்வது நம்மவர் வழக்கம். அப்படி நிற்பவன் ஒருவனிடம் மூன்று பேர் ஒரே நாளில் மூன்று மூட்டை எள்ளைக் கொண்டுவந்து இறக்கினால் அவன் என்ன செய்வான்?

என் பெரியப்பா மகன் சென்ற ஆண்டு இந்த நிலையில்தான் இருந்தார். வீடு கோலார் தங்கவயலில். வேலை பெங்களூரில், ஒரு பொறியியல் நிறுவனத்தில். விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயில் ஏறுவார். இருட்டிய பின் வந்து இறங்குவார். போகவும் வரவுமாக ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். அவரை மூன்று திட்டங்களில் சேர்த்திருந்தார்கள். முதல் திட்டத்தின் மேலாளர், “இவர் நேரத்தில் நூற்றுக்கு ஐம்பது எமக்கு” என்று தம் ஏட்டில் எழுதிக்கொண்டார். இரண்டாமவர் நாற்பது என்று எழுதினார். மூன்றாமவர் முப்பதோடு நிறுத்திக்கொண்டார். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமான கணக்கே. கூட்டிப் பார்த்தால் நூற்றிருபது! மிகுதியான அந்த இருபது எங்கிருந்து வந்தது? அண்ணனின் உறக்கத்திலிருந்து வந்தது.

பல வேலைகளுக்குச் சில ஆட்களைப் பங்கிடுவது எப்படி? தொழில் உலகம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி இது. கணிதமும் இதற்குச் சில விடைகளைத் தந்திருக்கிறது. அவற்றை விளங்கிக்கொள்ள எங்கள் தங்கவயலைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சுரங்கத்தின் மூவகை வேலை

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அன் சன்ஸ் என்னும் ஆங்கில நிறுவனம் தங்கவயலில் கால் வைத்தது. மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க் எனச் சுரங்கங்கள் பல, கம்பெனிகளும் பல, நடத்தியதோ அந்த ஒரே நிறுவனம். 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரமும் சுரங்கங்கள் அனைத்துக்கும் பொதுவாக இருந்தது. வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து பிழைக்கச் சென்ற தமிழர்களே நிலத்தடி வேலையில் பெரும்பான்மையினர். 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தோன்றியது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன.

நிலத்தடியில் நடந்த வேலைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். தங்கம் கலந்த பாறையை உடைத்து மேலே அனுப்புவது முதல் வகை. இது இன்றைய வேலை. அடுத்த ஆண்டுக்கான தாதுவைத் தேடிப் புதிய வழிகளைக் குடைந்து செல்வது இரண்டாம் வகை. இது நாளைய வேலை. தோண்டிய வெற்றிடத்தில் கருங்கல் சுவர் எழுப்பித் தாங்கு கொடுப்பது, நீர் இறைப்பது, காற்றுச் செலுத்துவது, கூண்டையும் கம்பி வடத்தையும் பழுது பார்ப்பது ஆகியவை மூன்றாம் வகை. இவை காவல் வேலை.

இந்த மாதம் தங்கம் மிகுதியாக வேண்டுமா? ஆட்களை எல்லாம் முதல் வகைக்கு அனுப்பினால் கிடைத்துவிடும். ஆனால் அடுத்த ஆண்டு உடைப்பதற்குத் தாது இராது. சுவர் வேலை பின்தங்கினாலோ, அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம். ஆழத்தில் பாறையின் அழுத்தம் மிகுந்து, அது வெடிபோல் சிதறுவதைப் ‘பாறை வெடிப்பு’ என்பர். தங்கவயல் இதற்குப் பல உயிர்களைப் பறிகொடுத்த ஊர். 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் அங்கேயே தொடங்கப்பட்டது.

என் தாத்தா சாம்பியன் ரீப்பில் சுவர் கட்டும் குழுவில் இருந்தவர். “எங்கள் வேலையில் ஒரு பவுன் தங்கம்கூட வராது, ஆனால் எங்களை விட்டுவிட்டு எவனும் முன்னே போகமாட்டான்” என்பார். பங்கீட்டின் முதல் பாடம் இதுவே. பலன் கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு முதலில் ஆளை ஒதுக்கிவிட்டு, மீதியைத்தான் மற்ற வேலைகளுக்குப் பிரிக்கவேண்டும்.

வழியும் வேலையே

சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. ஒரே கூண்டில் ஏறி அடிவரை போய்விட இயலாது. ஒரு கிணற்றில் இறங்கி, சுரங்க வழியில் நடந்து, பின் உட்கிணற்றில் மீண்டும் இறங்கவேண்டும். அடியில் பாறையின் வெப்பம் அறுபது டிகிரி செல்சியசுக்கு மேல். எட்டு மணி நேர ஷிப்டில் போகவர இரண்டு மணி என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது ஆறு மணி. அந்த ஆறையும் இரண்டு தளங்களுக்குப் பாதி பாதியாகப் பிரித்தால், தளம் மாற ஒரு மணி போய்விடும். மிஞ்சுவது ஐந்து. ஆகவே, ஓர் ஆளை இரண்டாகப் பிரித்தால் இரண்டு அரை ஆட்கள் கிடைப்பதில்லை.

மேசை வேலைக்கும் இது பொருந்தும். ஒரு திட்டத்தின் கணக்கை மூடிவைத்து மற்றொன்றைத் திறப்பவன், விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்கவே நேரம் செலவிடுகிறான். மனமும் கூண்டில் இறங்கித்தான் வேலையைத் தொடவேண்டும்! எனவே இரண்டு வேலை பார்ப்பவனுக்கு மணிக்கணக்கில் மாற்றிக் கொடுப்பதைவிட நாள் கணக்கில் மாற்றிக் கொடுப்பதே சிக்கனம்.

வல்லவனை எங்கே வைப்பது?

இனி ஒரு சிறு கணக்கு. அ, ஆ, இ என்று மூன்று குழுக்கள்; துளையிடல், சுவர், தண்டவாளம் என்று மூன்று வேலைகள். எண்கள் நான் கற்பித்தவை. துளையிடலை முடிக்க அ குழுவுக்கு 4 நாள், ஆ குழுவுக்கு 5, இ குழுவுக்கு 8. சுவருக்கு முறையே 5, 9, 9. தண்டவாளத்துக்கு 9, 8, 7.

அ குழு துளையிடலில் வல்லது. ஆகவே அதை அங்கேயே அனுப்புவோம் என்றுதான் எவருக்கும் தோன்றும். அப்படிச் செய்தால் மற்ற இரண்டையும் எவ்வளவு நன்றாகப் பிரித்தாலும் ஆ சுவருக்கு 9, இ தண்டவாளத்துக்கு 7. மொத்தம் 20 நாள் உழைப்பு. மாறாக, அ சுவருக்கும் ஆ துளையிடலுக்கும் இ தண்டவாளத்துக்கும் சென்றால் 5, 5, 7. மொத்தம் 17 தான். வல்லவனை அவன் மிகவும் வல்ல இடத்தில் வைப்பது எப்போதும் சிறந்ததன்று. அவன் இல்லாவிட்டால் எந்த இடம் மிகவும் வாடுமோ அங்கே வைப்பதே சிறந்தது.

மூன்றுக்கு மூன்று என்றால் ஆறு வழிகளே உண்டு, எழுதிப் பார்த்துவிடலாம். பத்துக்குப் பத்து என்றால் 36,28,800 வழிகள்! இவற்றில் சிறந்ததை விரைந்து காணும் முறையை ஹெரால்டு கூன் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் 1955இல் வெளியிட்டார். கோனிக், எகர்வாரி என்ற ஹங்கேரி நாட்டுக் கணித அறிஞர் இருவரின் முந்தைய ஆராய்ச்சியை அடிப்படையாகக் கொண்டதால், அதற்கு ‘ஹங்கேரிய முறை’ என்றே பெயரிட்டார்.

இடைவெளியின் மதிப்பு

பல சுரங்கங்களுக்குப் பொதுவான பட்டறை ஒன்றை எண்ணிப் பாருங்கள். பழுதான பொறிகள் முன்பின் அறிவிப்பின்றி வருகின்றன. ஒன்றைச் சரிசெய்யச் சராசரி ஒரு நாள். சில விரைவில் முடியும், சில இழுக்கும். பட்டறை தன் நேரத்தில் பாதி மட்டும் வேலையாக இருந்தால், வரும் பொறி சராசரியாக ஒரு நாள் காத்திருக்கும். நூற்றுக்கு எண்பது ஆனால் நான்கு நாள். தொண்ணூறு ஆனால் ஒன்பது நாள். தொண்ணூற்றைந்து ஆனால் பத்தொன்பது நாள்! ‘வரிசைக் கோட்பாடு’ தரும் எளிய கணக்கு இது. கடைசி ஐந்து பங்கை நிரப்பியதற்காக நாம் கொடுத்த விலை, பத்து நாள் கூடுதல் காத்திருப்பு.

ஆட்களுக்கும் இதே விதி. ஒருவரை நூற்றுக்கு நூறு நிரப்பிவிட்டோம் என்று மகிழும் மேலாளர், எதிர்பாராத ஒரு வேலை வந்தால் எல்லாம் நின்றுபோகும் நிலையைத் தாமே உண்டாக்கிவிட்டார். கொஞ்சம் ஓய்வாக இருப்பவன் சோம்பேறி அல்லன். அவன் வரிசையை நகர்த்துபவன்.

ஓய்வு போலத் தோன்றுவதன் மதிப்புக்குத் தங்கவயலிலேயே வேறொரு சான்றும் உண்டு. தங்கம் எடுத்த அதே சுரங்கங்களில், 1951 முதல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஸ்ரீகண்டன் முதலிய அறிஞர்கள் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார்கள். சுரங்கத்தின் கூண்டுகளே அவர்களுக்கும் வழி. மேலும் மேலும் ஆழத்துக்குக் கருவிகளைக் கொண்டுசென்றபோது, மிக ஆழமான ஓரிடத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் காத்தும் கருவி ஒரு துகளையும் பதிவு செய்யவில்லை. மாத அறிக்கை கேட்பவர் ‘பலன் பூச்சியம்’ என்று எழுதியிருப்பார். அந்தப் பூச்சியமே பெரும் பலனாயிற்று. மற்றத் துகள்களின் இரைச்சல் இல்லாத இடம் நியூட்ரினோவைத் தேட ஏற்ற இடம் அல்லவா? 1965இல், ஜப்பான், இங்கிலாந்து அறிஞர்களும் சேர்ந்த குழு, சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைக் கண்டு உலகுக்கு அறிவித்தது.

கணக்கும் நம்பிக்கையும்

பங்கீடு செய்ய ஆட்களைப் பற்றிய கணக்கு வேண்டும். ஆனால் கணக்கு எடுப்பது எதற்காக என்பதை ஆட்கள் அறியவேண்டும். 1930இல் தங்கவயல் நிர்வாகம் தொழிலாளரின் விரல் ரேகையைப் பதிவு செய்ய முனைந்தபோது, பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. தம்மைக் கட்டிப்போடவே இந்த ஏடு என்று தொழிலாளர் கண்டால், அந்த ஏட்டால் நன்மை விளைவதில்லை. சுமையைக் குறைக்கத் தொடங்கிய கணக்கு, ஆளைக் கண்காணிக்கும் கணக்காக மாறினால் ஒருவரும் உண்மையான மணிகளை எழுதமாட்டார். வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். ஆராய்ந்து ஆளைத் தேர்ந்த பிறகு, வேலையை அவனிடமே விட்டுவிடுதல் அதன் சாரங்களுள் ஒன்று.

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால், காவல் வேலைக்கு முதலில் ஒதுக்குக. வழியையும் மாற்றத்தையும் வேலையாகவே எண்ணுக. வல்லவனை அவன் இல்லாமையால் வாடும் இடத்தில் வைக்க. ஐந்தில் ஒரு பங்கு நேரத்தை நிரப்பாமல் விடுக. இவை அனைத்துக்கும் முன்பாக, எல்லா ஏடுகளையும் ஒரே தாளில் கூட்டுக.

அண்ணன் இறுதியில் செய்ததும் இந்தக் கூட்டல்தான். மூவரின் கணக்கையும் ஒரே தாளில் எழுதி, கீழே நூற்றிருபது என்று கோடிட்டு, மூவர் முன்னும் வைத்தார். ஒருவர் எவ்வளவு கேட்டிருக்கிறார் என்பதை மற்றவர் அன்றுதான் அறிந்தார். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லையாம். பிறகு மூன்றாம் திட்டத்தை இரண்டு மாதம் தள்ளி வைத்தார்கள். அதனால் அந்த நிறுவனம் ஒன்றும் மூழ்கிவிடவில்லை. அண்ணன் இப்போதும் விடியுமுன் இரயில் ஏறுகிறார். ஆனால் திரும்பும்போது வீட்டில் விளக்கு எரியும் நேரத்தில் வருகிறார்.